செஞ்சடையும் செம்பட்டையும்

தலைமயிரின் நிறத்தைக் குறிக்கும் ஒரு சொல் ஒருவரைப் புண்படுத்துமா? கேட்பதற்குச் சிறிய வினாவாகத் தோன்றும். கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்பன கண்ணுக்குப் புலனாகும் நிறங்கள். கண்ணால் கண்டதை வாயால் சொல்வதில் குற்றம் என்ன என்று கேட்பார் உண்டு. உள்ளதை உள்ளவாறு உரைப்பது வாய்மை அன்றோ என்று வாதிடுவாரும் உண்டு. எனினும், நம் மொழியின் வரலாற்றையும் நம் மக்களின் வாழ்க்கையையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, இவ்வினா அத்துணை எளியதன்று என்பது விளங்கும். ஒரே நிறம் ஓரிடத்தில் வணக்கத்துக்கு உரியதாகவும் மற்றோரிடத்தில் வசையாகவும் ஆகியிருக்கிறது. அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை இன்று மாணவ நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

நான் போடிநாயக்கனூரைச் சேர்ந்தவன். எங்கள் ஊருக்கு மேற்கே ஏலமலை சுவர்போல எழுந்து நிற்கிறது. ஊரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் 17 வளைவுகள் உள்ளன. அவற்றைக் ‘கொண்டை ஊசி வளைவுகள்’ என்று சொல்கிறோம். பாதைக்குக்கூடக் கூந்தலோடு தொடர்புடைய பெயர் வைத்தவர்கள் நாம்! விடியுமுன்பே எங்கள் ஊரிலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் பெண்கள் ஜீப்புகளில் நெருங்கி உட்கார்ந்து அந்த வளைவுகளைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போகிறார்கள். பொழுது சாயும் வேளையில் திரும்புகிறார்கள். அவர்கள் எடுத்துத் தரும் காய் உலர்த்தப்பட்டு, சலிக்கப்பட்டு, எங்கள் ஊரிலுள்ள ஏல மையத்தில் விலை பேசப்படுகிறது. அங்கே நிறம்தான் பேச்சு. பச்சை மாறாத காய்க்கு உயர்ந்த விலை; வெளுத்த காய்க்குக் குறைந்த விலை. சரக்குக்கு அது முறையே. ஆனால் மனிதரையும் நிறம் பார்த்துத் தரம் பிரிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பழக்கத்துக்குக் கருவியாகும் சொற்களுள் ஒன்றுதான் ‘செம்பட்டை’.

செம்பட்டை என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள் தலைமயிரின் செந்நிறம் என்பதே. சொல்லின் முதலில் நிற்பது ‘செம்’ என்ற அடை. செம்மை என்பது தமிழில் எவ்வளவு உயர்ந்த சொல்! நிறத்தையும் அது குறிக்கும். நேர்மையையும் அதுவே குறிக்கும். செந்தமிழ், செங்கோல், செவ்வேள் என்று நாம் மதிக்கும் பொருள்களுக்கெல்லாம் அதனை முன்னே நிறுத்தியிருக்கிறோம். சிவபெருமானின் முடியைச் செஞ்சடை என்று பாடாத அடியார் இல்லை. பொன்போல, மின்னல்போல, அந்திவானம்போல ஒளிரும் சடை என்று தேவாரம் முழுவதும் அந்தச் சிவப்பு போற்றப்படுகிறது. கோயிலில் கைகூப்பி நின்று செஞ்சடையை நினைத்து உருகும் ஒருவர், வெளியே வந்ததும் தெருவில் விளையாடும் ஏழைக் குழந்தையைப் பார்த்து, ‘ஏ செம்பட்டை’ என்று அழைக்கிறார். நிறம் ஒன்றே, சொல்லின் முதற்பகுதியும் ஒன்றே. ஆயினும் ஒன்று துதி, மற்றொன்று இழிவு.

பழைய இலக்கியத்தில் மாந்தரின் மயிரைக் குறிக்க எத்தனையோ சொற்கள் உண்டு. பெண்களுக்குக் கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, கூழை. ஆண்களுக்குக் குஞ்சி, பித்தை. ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்ற பொருளில் ஐம்பால் என்றும் கூறினர். புலவர்கள் கருமேகத்தையும் ஆற்றின் கருமணலையும் உவமையாக எடுத்துக் கூந்தலின் கருமையைக் கொண்டாடினர். கருமையே இயல்பு, கருமையே அழகு என்று அமைந்தபின் சிவந்த மயிருக்கு இடம் எங்கே? அது மனிதரை விட்டு விலகிய இரு துருவங்களுக்குப் போயிற்று. ஒரு துருவத்தில் இறைவனின் சடை. மறு துருவத்தில் அரக்கியும் பேயும். கம்பர் சூர்ப்பணகைக்குச் செந்நிறக் கூந்தலைத் தருகிறார். திருமுருகாற்றுப்படையில் வரும் பேய்மகளின் கூந்தல் எண்ணெய் காணாது உலர்ந்து கிடக்கிறது. ஆகவே, மயிர் சிவந்த மனிதர் ஒருவர் எதிரே வரும்போது, அவரை வைத்துப் பார்ப்பதற்கு நம் மரபு இரண்டே இடங்களை வைத்திருந்தது. தெய்வத்தின் இடத்தில் ஏழையை வைப்பார் யார்? மற்ற இடத்தில் வைப்பது எளிதாயிற்று.

நிறத்தின் பெயர் தன்னளவில் வசை ஆகாது என்பதற்கு எங்கள் மாவட்டமே சான்று. கருப்பசாமி, கருப்பாயி, வெள்ளைச்சாமி, வெள்ளையம்மாள் என்ற பெயர்கள் அங்கே ஊர்தோறும் உண்டு. கருப்பசாமி காவல் தெய்வம். அவர் பெயரைப் பிள்ளைக்கு இடுவது பெருமை. சடையாண்டி என்றும் சடைச்சி என்றும் பெயர் வைப்பார்கள். கம்பரை ஆதரித்ததாகப் போற்றப்படும் வள்ளலின் பெயர் சடையப்பர். ஆனால் செம்பட்டை என்று தம் பிள்ளைக்குப் பெயரிட்ட பெற்றோரை நான் கண்டதில்லை. அந்தப் பெயர் எப்போதும் பிறர் வைப்பது. வீட்டில் பிறக்காமல் தெருவில் பிறக்கும் பெயர் அது.

நரைக்கு வருவோம். நரையும் மயிரின் நிறமே. ஆனால் அதன் வரலாறு முற்றிலும் வேறு. கரிகாற்சோழன் இளவயதில் அரியணை ஏறியவன். வழக்குத் தீர்க்க வந்த முதியவர் இருவர், இந்த இளைஞனா நமக்கு நீதி வழங்கப்போகிறான் என்று ஐயுற்றனராம். அவர்கள் எண்ணத்தை உணர்ந்த மன்னன் நரைமுடி அணிந்து முதியவனாக வந்து அமர்ந்து, இருவரும் ஒப்பும்படி தீர்ப்பு வழங்கினான் என்பது கதை. பழமொழி நானூறு இதனைக் குறிப்பிடுகிறது. மணிமேகலையிலும் இதன் சாயல் உண்டு. மன்னனிடம் மணிமுடி இருந்தது. ஆனால் அன்றைய அவையில் அதனைவிட மதிப்புப் பெற்றது வெள்ளை மயிர்!

நரையைப் பற்றி வேறொரு நிகழ்ச்சியும் நம் நினைவுக்கு உரியது. பாண்டிநாட்டைச் சேர்ந்த பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனின் உயிர்நண்பர். ஆண்டு பலவாகியும் உமக்கு நரை தோன்றாதது எதனால் என்று சான்றோர் அவரைக் கேட்டனர். நல்ல மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத மன்னன், தம் ஊரில் வாழும் சான்றோர் ஆகிய காரணங்களை அவர் அடுக்கினார். புறநானூற்றின் 191ஆம் பாட்டு இது. வினவியவர் ஏளனம் செய்யவில்லை. விடையிறுத்தவர் நாணவும் இல்லை. இருவரும் நிகரானவர்கள். நிகரானவர் கேட்கும்போது மயிரின் நிறத்தைப் பற்றிய பேச்சு ஒரு வாழ்க்கைத் தத்துவமாக மலர்கிறது. சான்றோர் தலையில் அமர்ந்த நிறமாதலால் நரை மதிப்புப் பெற்றது. கிழவர் தனித்து, வருவாய் இழந்து, வீட்டுத் திண்ணையில் சுமையாகக் கருதப்படும்போது அதே நரை கேலிக்கு ஆளாகிறது. ‘கிழவன்’ என்ற சொல்லையே பாருங்கள். தொல்காப்பியத்தில் கிழவன் என்றால் உரிமை உடையவன், அகப்பாட்டின் தலைவன். இன்று ஒரு முதியவரை அச்சொல்லால் நேரே விளித்தால் அவர் முகம் சுளிக்கிறார்.

மயிர் என்ற சொல்லும் இவ்வாறு தேய்ந்ததே. திருவள்ளுவர் மானம் என்னும் 97ஆம் அதிகாரத்தில் இச்சொல்லைத் தயக்கமின்றி ஆள்கிறார். தலையிலிருந்து வீழ்ந்த மயிரை நிலையிலிருந்து தாழ்ந்த மாந்தருக்கு உவமையாக்குகிறார். மயிரை இழந்தால் உயிர் வாழாத கவரிமாவை மானம் உடையோருக்கு உவமையாக்குகிறார். அன்று அது நாகரிகமான சொல். இன்றோ தெருச் சண்டையில் வீசப்படும் சொல்லாகி, நன்மக்கள் அவையில் சொல்லக் கூசும் நிலைக்கு வந்துவிட்டது. அதனால் ‘முடி’ என்ற சொல்லை அதன் இடத்தில் அமர்த்தினோம். மன்னர் சூடிய முடி, இன்று முடிதிருத்தும் கடையில் தரையில் கிடக்கிறது!

இவற்றினும் கொடிய வரலாறு ஒன்று உண்டு. எங்கள் பக்கத்திலிருந்து பழனிக்கு நடந்து சென்று மொட்டை போட்டுக்கொண்டு திரும்பும் பிள்ளையை எல்லோரும் அன்போடு தடவிப் பார்ப்பார்கள். அங்கே மழித்த தலை நேர்த்திக்கடனின் அடையாளம். ஆனால் ஒரு காலத்தில் சில குடும்பங்களில் கணவனை இழந்த பெண்ணின் தலையை அவள் விருப்பம் கேளாமலே மழித்தார்கள். கைம்பெண்ணை ஏசும் சொல் ஒன்று, தலைமழிப்பைக் குறிக்கும் வடசொல்லின் வழியாக வந்தது. அச்சொல்லை இங்கே சொல்ல எனக்கு நா எழவில்லை, நேயர்கள் அறிவார்கள். பழனியில் மழித்ததும் தலையே, அகத்தில் மழித்ததும் தலையே. முன்னது ஒருவர் தாமே ஏற்றது. பின்னது பிறர் சுமத்தியது. வசை பிறந்த இடம் அந்த வேற்றுமையே ஆகும்.

இனி, செம்பட்டையின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மயிருக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். அதில் கருநிறம் தருவது ஒரு வகை, செந்நிறம் தருவது மற்றொரு வகை. ஐரோப்பாவில் சிலர் பிறவியிலேயே செம்மயிர் உடையவராக இருப்பது மரபணுவால் நேர்வது. எம்சி1ஆர் என்னும் மரபணுவுக்கும் செம்மயிருக்கும் உள்ள தொடர்பு 1995-இல் விளக்கப்பட்டது. நம் நாட்டில் கரியதாக இருக்கவேண்டிய மயிர் சிவப்பதற்குக் காரணங்கள் பல. கடும் வெயில் ஒன்று. எண்ணெயும் பராமரிப்பும் இன்மை ஒன்று. சிலருக்குப் பிறவியே அப்படி. ஆனால் வரலாற்றில் மிகுந்த துயரம் பொதிந்த காரணம் மற்றொன்று உண்டு. அது பசி.

சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவ அம்மையார் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், பணியாற்றினார். உடல் வீங்கி, தோல் உரிந்து, மயிர் நிறம் மாறி வந்த குழந்தைகளைப் பற்றி 1933-இல் எழுதினார். 1935-இல் அந்நோய்க்கு அவ்வூர் மக்கள் வழங்கிய பெயரையே உலகுக்கு அறிமுகப்படுத்தினார். குவாஷியோர்க்கர் என்பது அப்பெயர். கா மொழியில் அது, அடுத்த குழந்தை வந்ததால் தாயின் மார்பை இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள்படும். போதிய புரதமும் உணவும் இல்லாத உடல் மயிருக்கு வேண்டிய கருமையை ஆக்க இயலாமல் போகிறது. சில குழந்தைகளின் மயிரில் கருமையும் வெளிறலும் பட்டை பட்டையாக மாறி மாறி வருவதை மருத்துவர்கள் கண்டனர். கொடியில் உள்ள பட்டைகள் போலிருப்பதால் அதனைக் கொடிக்குறி என்றனர். மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே எந்த மாதத்தில் குழந்தை உண்டது, எந்த மாதத்தில் பட்டினி கிடந்தது என்று அந்த மயிரே நாட்குறிப்பு எழுதிவைக்கிறது.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆய்வுப் பணி ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. அங்கே பணியாற்றிய சி. கோபாலன் நம் ஏழைக் குழந்தைகளின் சத்துக்குறைவை ஆழ்ந்து ஆராய்ந்து, புரதம் மட்டுமன்று, வயிறார உண்ணும் அளவே குறைந்திருக்கிறது என்பதை வலியுறுத்தினார்.

இங்கே நம் தமிழின் ஒரு சொல்லை நினைவூட்ட விரும்புகிறேன். ‘சவலை’ என்ற சொல்லை நம் பாட்டிமார் அறிவார்கள். கைக்குழந்தை இருக்கும்போதே தாய் மீண்டும் கருவுற்று, பால் வற்றி, அதனால் மெலிந்துபோகும் பிள்ளையைச் சவலைப்பிள்ளை என்பார்கள். கானா நாட்டு மக்களின் சொல்லுக்கும் இதற்கும் பொருள் ஏறத்தாழ ஒன்றே! யாப்பிலக்கணம் பயிலும் மாணவர்கள் சவலை வெண்பாவை அறிவார்கள். இரண்டாம் அடியில் தனிச்சொல் குறைந்து நிற்பது அது. குறைந்தது எது என்று அறிந்து வைத்த பெயர் சவலை. ஆகவே ஒரே பிள்ளைக்கு நம் மொழியில் இரு பெயர்கள் இருந்திருக்கின்றன. தாய்மார் ‘சவலை’ என்றார்கள். அதில் காரணம் தெரிந்தது, இரக்கமும் இருந்தது. தெருவார் ‘செம்பட்டை’ என்றார்கள். அதில் நிறம் மட்டுமே தெரிந்தது. முதற்சொல்லைக் கேட்டவர் பாலைத் தேடினார். இரண்டாவது சொல்லைக் கேட்டவர் சிரித்தார். என் கருத்தின் நடுவிடம் இதுவே. ஒரு சொல் கொடியதா என்பதை அதன் எழுத்துக்கள் காட்டுவதில்லை. அது எந்தத் துன்பத்தை மறைத்துவிட்டு எதனைக் காட்டுகிறது என்பதே காட்டும்.

மலைச்சரிவை ஒட்டிய ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் சில ஆண்டுகள் பணியாற்றினேன். அங்கே ஒரு சிறுமி. அவள் தாய் ஏலத்தோட்டத்துக்குச் செல்பவள். காய் எடுக்கும் காலத்தில் இருட்டோடு புறப்பட்டுவிடுவாள். பிள்ளையின் தலைக்கு எண்ணெய் தடவிச் சீவிவிட வீட்டில் ஆள் இல்லை. அச்சிறுமியை மற்றப் பிள்ளைகள் செம்பட்டை என்றே கூப்பிட்டார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். அவளோடு விளையாடுவார்கள், தின்பண்டத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். ஒருநாள் வருகைப் பதிவேட்டைப் பார்த்து அவள் பெயரைப் படித்தேன். விடை வரவில்லை. மீண்டும் படித்தேன், அவள் எதிரே அமர்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பிள்ளை, ‘செம்பட்டை, சார் உன்னையத்தான் கூப்பிடுறாரு’ என்றது. உடனே எழுந்து, ‘உள்ளேன் ஐயா’ என்றாள். அவள் அழவில்லை, வருந்தியதாகவும் தெரியவில்லை. பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர் அவள் செவியிலிருந்தே நழுவிப்போயிருந்தது. புண்பட்டவர் கண்ணீர் விட்டால்தான் சொல் கொடியது என்று நினைப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்று முதல் அவ்வகுப்பில் ஒவ்வொருவரையும் முழுப் பெயரால் அழைப்பது என்று முடிவு செய்தோம். தடை ஏதும் விதிக்கவில்லை. சில வாரங்களில் அவள் பெயர் அவளுக்குத் திரும்பி வந்தது.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு எழுத்தாளர் ழூல் ரெனார் 1894-இல் வெளியிட்ட கதையில், செம்மயிர் கொண்ட சிறுவனை அவன் தாயே ‘காரட் முடி’ என்று அழைக்கிறாள். கதை முழுவதும் அவனுக்கு அதுவே பெயர். கனடா நாட்டு மாண்ட்கோமரி அம்மையார் 1908-இல் வெளியிட்ட புகழ்பெற்ற புதினத்தில், ஆன் என்ற அநாதைச் சிறுமியை வகுப்பில் ஒரு மாணவன் ‘காரட்’ என்று கேலி செய்ய, அவள் தன் சிலேட்டை அவன் தலைமீது அடித்து உடைக்கிறாள். பின்னர் மயிரைக் கறுப்பாக்க நினைத்து, தெருவில் விற்றவனிடம் சாயம் வாங்கிப் பூச, அது பச்சையாகிவிடுகிறது! படிப்போர் சிரிக்கிறார்கள், ஆனால் ஒரு குழந்தை தன் தலையையே மாற்றிக்கொள்ளத் துணிந்தது ஏன் என்று எண்ணினால் அச்சிரிப்பு அடங்கும். வெள்ளையர் நாட்டிலும் சிறுபான்மையாகிய நிறம் கேலிக்கு ஆளாயிற்று என்பதை இக்கதைகள் காட்டுகின்றன.

கேலி கதையோடு நின்றுவிட்டால் ஒருவகை. அரசின் கையில் அது அளவுகோலாகும்போது என்ன ஆகும்? சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909-இல் தென்னிந்தியக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். எங்கள் மலையில் வாழும் முதுவரும் பளியரும் அதில் இடம்பெற்றுள்ளனர். மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் ஆனோம் என்பது முதுவரின் மரபுச் செய்தி. தர்ஸ்டன் திரட்டிய செய்திகள் பயனுடையவை. ஆயினும் தலையையும் மூக்கையும் அளந்து, மயிர் சுருண்டதா நீண்டதா என்று குறித்து, மக்களை உயர்வு தாழ்வாக அடுக்கலாம் என்று நம்பிய காலத்தின் நூல் அது. தென்னாப்பிரிக்காவில் 1950-இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் வந்தது. ஒருவர் எந்த இனத்தவர் என்பதில் ஐயம் எழுந்தால், மயிருக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள்; அது நழுவி விழுந்தால் ஓர் இனம், சிக்கி நின்றால் வேறோர் இனம். எங்கே குடியிருப்பது, யாரை மணப்பது என்பவை அந்த இனப்பதிவைப் பொறுத்திருந்தன. 1991-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ‘சுருட்டை’ என்பது நமக்கு அழகான சொல். அங்கே அது ஒரு குடும்பத்தையே பிரிக்கவல்லதாக இருந்தது.

அண்மையில், 2022-இல், இங்கிலாந்தின் தொழில் தீர்ப்பாயம் ஒன்று ஒரு வழக்கை விசாரித்தது. பணியிடத்தில் ஒருவரை வசைமொழியோடு சேர்த்து ‘வழுக்கை’ என்று ஏசியிருந்தார்கள். வழுக்கை ஆண்களுக்கே மிகுதியாக வருவது. ஆதலால் அந்த ஏச்சு பால் தொடர்பான துன்புறுத்தல் ஆகும் என்று தீர்ப்பாயம் கூறியது. அவருக்கு வழுக்கை இருந்தது உண்மைதான். உண்மை என்பதால் அச்சொல் குற்றமற்றது ஆகிவிடவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நம் மண்ணிலும் இதனை நுட்பமாகக் காட்டிய கலைஞர் உண்டு. தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1977-இல் ‘16 வயதினிலே’ என்ற திரைப்படத்தை இயக்கினார். அதில் ஒருவனை ஊரார் சப்பாணி என்று கூப்பிடுகிறார்கள். கேலி செய்பவனுக்கோ பரட்டை என்று பெயர். ஒருவனுக்குக் காலின் குறை பெயராகிறது, மற்றவனுக்குத் தலைமயிரே பெயராகிறது. கதைத்தலைவி, சப்பாணி என்று அழைப்பவனை அறைந்துவிடு என்கிறாள். அவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்ற முழுப்பெயர் உண்டு என்பதை நாம் அறியும்போது, அதுவரை அவனைச் சப்பாணி என்றே மனத்தில் எண்ணிக்கொண்டிருந்த நாமும் ஊராரில் ஒருவராகிறோம். ஊனமுற்றோர் என்ற சொல்லை விடுத்து, மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லைத் தமிழ்நாடு அரசு ஆளத் தொடங்கியது இதற்கெல்லாம் பல ஆண்டுகளுக்குப் பின்னரே.

அப்படியானால் மயிரின் நிறத்தைக் குறிக்கும் சொற்களையெல்லாம் விலக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. காணாமற்போன குழந்தையின் அடையாளத்தை அறிவிக்கும்போது செம்பட்டை முடி என்று சொல்லியே ஆக வேண்டும். மருத்துவர் தம் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் பசியின் அடையாளம் மறைந்துபோகும். மடியில் கிடத்திய பேத்தியைப் பாட்டி ஒருத்தி ‘என் செம்பட்டச்சி’ என்று கொஞ்சினால் அதில் வசை எங்கே? சொல்லை மட்டும் மாற்றிவிட்டு மனத்தை மாற்றாவிட்டால் புதிய சொல்லும் விரைவில் பழையதன் வழியே போகும். மயிருக்கு நேர்ந்தது நாளை முடிக்கும் நேரலாம்.

ஆகவே சொல்லைக் காட்டிலும் அது வழங்கும் சூழலை ஆராய்வதே முறை. சொல்பவரும் கேட்பவரும் நிகரானவர்களா? பிசிராந்தையாரும் சான்றோரும் போல, கேட்டவர் விடை சொல்லும் நிலையில் இருக்கிறாரா? அடையாளம் காட்டுவதற்குச் சொல்கிறோமா, அடக்கி வைப்பதற்குச் சொல்கிறோமா? எல்லாவற்றிற்கும் மேலாக, அச்சொல் அவருடைய பெயரின் பக்கத்தில் நிற்கிறதா, பெயரின் இடத்தையே பிடித்துக்கொள்கிறதா? ‘சிவந்த முடியுடைய இன்னார்’ என்றால் அது வருணனை. இன்னார் மறைந்து முடி மட்டும் எஞ்சினால் அது அவமதிப்பு. வேடிக்கைக்காகத்தான் சொன்னேன் என்பது போதிய விடையாகாது. வேடிக்கையில் இருவரும் சிரிக்க வேண்டும்.

நம் நாட்டில் செம்பட்டைக்கு நேர்மையான விடை கண்டவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவில்லை, அடுப்பை மூட்டினார்கள். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு அளிக்கத் தொடங்கியது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தலைப்பட்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. இருட்டோடு தோட்டத்துக்குப் புறப்படும் தாய்க்கு, பள்ளியில் பிள்ளை காலையிலும் உண்ணும் என்பது எத்துணைப் பெரிய ஆறுதல்! சவலை என்று இரங்கிய பழைய தாய்மாரின் மனம் அரசின் திட்டமாக வளர்ந்தது என்று நான் இதனைக் கருதுகிறேன்.

மாணவ நண்பர்களே! உங்கள் வகுப்பிலும் பட்டப்பெயர்கள் இருக்கும். அவற்றுள் நட்பால் விளைந்தவை சில. உடலைப் பார்த்து விளைந்தவை பல. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இதற்குப் பின்னே என்ன காரணம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒருவரின் மெலிவுக்குப் பின்னே நோய் இருக்கலாம். பரட்டைத் தலைக்குப் பின்னே விடியுமுன் வேலைக்குப் போன தாய் இருக்கலாம். செம்பட்டைக்குப் பின்னே உண்ணாத இரவுகள் இருக்கலாம். பிறப்பின் இயல்பு அன்றி வேறு காரணமே இல்லாமலும் இருக்கலாம். காரணம் எதுவாயினும், அவருக்கு ஒரு பெயர் உண்டு. நாளைக் காலை வகுப்பில் நுழைந்ததும் அந்தப் பெயரால் அவரை அழைத்துப் பாருங்கள்.